சீரியஸ் என்ற சொல்லுக்குப் பிறகு

நான் எழுதிய முதல் ஏழு கதைகளில் ஐந்தில், யாராவது ஒருவர் கெட்ட செய்தி கேட்டுக் கையில் இருந்ததைக் கீழே போட்டிருக்கிறார். ஒருத்தி பால் செம்பை, ஒருத்தி விளக்கை, ஒரு வாத்தியார் மூக்குக் கண்ணாடியை. போட்ட கையோடு அலறுவார்கள், சுவரில் சாய்வார்கள், மயங்கி விழுவார்கள், கண் விழித்ததும் பழைய நாட்களை நினைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே பத்திக்குள் நடந்து முடிந்துவிடும். இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது. அவ்வளவும் அச்சாயின என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும், கெட்ட செய்தி கேட்கிற மனிதர்களை என்னைப்போல் அவ்வளவு பக்கத்திலிருந்து கவனித்தவர்கள் சங்கரன்கோவிலில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது யாரும் தாமாக நம்பரைச் சுழற்றிப் பேசிவிட முடியாது. போனை எடுத்தால் நாங்கள்தான் வருவோம். வெளியூர் என்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் சுவிட்ச் போர்டில் சேர்த்துவிட்டு, மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து நேரமாகிவிட்டது என்று சொல்வோம். பேசி முடித்ததும் ஒரு துண்டுச் சீட்டில் ஆரம்பித்த மணி, முடித்த மணி எல்லாம் எழுதி வைக்க வேண்டும். அதற்கு டிக்கெட் என்று பெயர்.

போர்டில் கேட்டதைப் போர்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது விதி. வேலையில் சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் காது காதுதானே. தாய் சீரியஸ் என்று கேட்ட ஒருவர், "சரி, அங்கன மழை உண்டுமா?" என்று கேட்டார். இன்னொருவர், "நீ சாப்பிட்டியாலே?" என்று கேட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? லைன் சரியில்லை, இவர்களுக்குச் சேதி சரியாகக் கேட்கவில்லை என்று. வீட்டுக்கு வந்து என் கதையில் இன்னொருத்தி கையிலிருந்து இன்னொரு பாத்திரத்தை நழுவவிட்டேன்.

சீரியஸ் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் வீட்டாரிடம் போனிலோ தந்தியிலோ நேராகச் சொல்ல மாட்டார்கள். 'சீரியஸ், உடனே புறப்படவும்' என்பதுதான் வாசகம். அது வந்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். நிஜமாகவே ஒருவருக்கு உடம்பு முடியாமல் இருந்து, அதைச் சொல்ல வேண்டியிருந்தால், 'சீரியஸ்தான், ஆனால் ஆள் இருக்கிறார்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியும் சிலர் மாலையோடு போய் இறங்கியிருக்கிறார்கள்.

நானும் என் அம்மாவும் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசல், உள்ளே ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய். அடுத்த வீட்டில் ஒரு கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன். அவரை நான் அண்ணன் என்பேன், அவளை மதினி என்பேன். அண்ணன் ஜின்னிங் பாக்டரியில் எடை போடுகிறவர். பஞ்சு லோடு ராஜபாளையத்து மில்லுக்குப் போகும்போது லாரியில் கூடப் போய் எடை காட்டிவிட்டு வருவார். அவருடைய அப்பா அம்மா கரிவலம்வந்தநல்லூரில் வயலும் மாடுமாக இருந்தார்கள். மதினிக்கு இளையரசனேந்தல் பக்கம் ஒரு சின்ன ஊர், வானம் பார்த்த பூமி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

வளவில் என் கதைகளைப் படிக்கிற ஒரே ஆள் மதினிதான். படித்துவிட்டுப் பாராட்டியதில்லை. செம்பு நழுவிய கதையைப் படித்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்வி.

"ஏட்டி, இவ செம்பைக் கீழ போட்டுட்டா, சரி. அந்தப் பாலை யாரு தொடச்சா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கதை என்றால் அதெல்லாம் எழுத முடியாது என்று சொன்னேன். அவள் விடவில்லை. பால் கொட்டினால் பொம்பளை முதலில் துணியைத்தான் தேடுவாள், அழுகை அதுக்கப்புறம்தான் என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. எனக்குக் காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு முடியும். ஒன்றேகால் மணி இருக்கும், ராஜபாளையத்து மில்லிலிருந்து ஒரு டிரங்க் கால். எங்கள் தெரு முக்கில் இருக்கிற பலசரக்குக் கடை நம்பரைக் கேட்டார்கள். தெருவுக்கே போன் அந்த ஒரு கடையில்தான். சேர்த்துவிட்டேன். லைன் ரொம்பவும் டல். கடைக்கார அண்ணாச்சி ஹலோ ஹலோ என்று கத்துகிறார், அந்தப் பக்கத்து ஆளுக்கு இவர் குரல் கேட்கிறது, இவருக்கு அவர் குரல் கேட்கவில்லை. அப்படி நேரத்தில் ஆபரேட்டர் நடுவில் இருந்து எடுத்துச் சொல்வது வழக்கம். நானும் சொன்னேன். பஞ்சு லோடு லாரி கவிழ்ந்துவிட்டது என்றார், சொன்னேன். எடை போடுகிறவர் என்றார், சொன்னேன். அண்ணன் பெயரைச் சொன்னார், அதையும் சொன்னேன்.

"ஆள் போயிட்டாரு. வீட்ல சொல்லாதீக. சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

இதையும் நான்தான் என் வாயால் கடைக்கார அண்ணாச்சிக்குத் திருப்பிச் சொன்னேன். அவர், "யாரு, நம்ம தம்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூன்று நிமிடம் ஆனதும், நேரமாகிவிட்டது, நீட்டிக்கவா என்று அந்தப் பக்கம் கேட்டேன். வேண்டாம் என்றார். டிக்கெட்டை எழுதினேன். பிறகு ஒரு வக்கீல் வீட்டுக்குத் திருநெல்வேலி கால் போட்டுக் கொடுத்தேன். பிறகு பக்கத்து சீட்டுக்காரி ஊறுகாய் நன்றாக இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த டிக்கெட்டை மறுநாள் பார்த்தேன். கையெழுத்து வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தது.

இரண்டு மணிக்கு நடந்து வந்தேன். மதினியிடம் இந்நேரம் சொல்லியிருப்பார்கள், நான் போகும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை. ஆனால் கடைக்கார அண்ணாச்சி வாடகைக் காருக்குச் சொல்லி, கடையைச் சாத்தி, கூடப் போக ஆள் தேடி எல்லாம் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். மதினி வீட்டு நடையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தார். நான் நாலு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"தாயி, தம்பிக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்காம். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில இருக்காரு. காருக்குச் சொல்லிட்டேன், கிளம்பு."

"சரி அண்ணாச்சி" என்றாள் மதினி.

ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திரியை இறக்கி அணைத்தாள். குழம்பை இறக்கி மூடினாள். குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றார்கள். சீரியஸாம் என்று அவர்களுக்கும் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதினி முகம் கழுவினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அண்ணன் எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தலையைச் சீவி, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தாள். ஒயர் கூடையில் அண்ணனுடைய வேட்டி ஒன்று, துண்டு ஒன்று வைத்தாள். அலமாரியிலிருந்து பிளாஸ்கை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"இதப் புடி."

பிடித்தேன். காய்ச்சி வைத்திருந்த பாலை ஆற்றி, சீனி போட்டு, சின்ன வாய் பிளாஸ்கில் மெதுவாக ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயோ, இவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமத்தில் போனும் கிடையாது, தந்தி வருவதும் அபூர்வம். சீரியஸ் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? நான் சொல்லியிருக்கலாம். விதி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் விதி இல்லை, எனக்குச் சொல்லத் தைரியமில்லை.

காரில் ஏறப் போனவள் திரும்பி வந்து கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போட்டாள். பள்ளிக்கூடம் விட்டுப் பையன் வந்தால் தோசை இருக்கிறது, கொடு என்றாள். பிறகு போனாள்.

அண்ணனை நேராகக் கரிவலம்வந்தநல்லூருக்குத்தான் கொண்டுவந்தார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். பந்தலுக்குள் அண்ணன் தலைமாட்டில் மதினி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. அத்தனை பெண்களுக்கு நடுவில் அந்த நீலச் சேலை மட்டும் தனியாகத் தெரிந்தது. யாரோ எனக்கு ஒரு டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். வாங்கியதும்தான் என் கை நடுங்கத் தொடங்கியது. டம்ளர் நழுவிக் காப்பி பூராவும் என் மடியில் கொட்டிவிட்டது. என் கதைகளில் வருகிற மாதிரியே நழுவியது, ஆனால் சேதி கேட்டு ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு.

இனிமேல் எழுதுவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாளிலிருந்து வளவில் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். காரில் ஏறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றது நான்தானே, உள்ளே என்ன செய்தாள், எப்படி இருந்தாள் என்று கேட்டார்கள். எனக்கோ கதை சொல்கிற வாய். ஸ்டவ்வை அணைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். முகம் கழுவியது, நீலச் சேலை, தலை சீவியது, பொட்டு என்று ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் சொன்னேன். கொடித்துணியைக் கடைசியில் வைத்தேன், அங்கே நிறுத்தினால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்று தெரியும். கொட்டினார்கள். பாவம், அவளுக்குத் தெரியாது என்ற பரிதாபத்தில்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பரிதாபத்தை வாயால் சொல்லவில்லை, கேட்பவர்களுக்கே புரியும் என்று விட்டுவிட்டேன். பிளாஸ்கையும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்றும் சொல்ல வேண்டும். தெரிந்தே பிடித்தவள் நான்.

குழாயடியிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் ரொம்பத் தூரமில்லை. பஸ் அடிக்கடி உண்டு. நான் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்தபோது என் வரிசைக்கு முன்னால் ஒரு வரி சேர்ந்திருந்தது. புருசன் செத்த சேதியைக் கேட்டுவிட்டு நீலச் சேலை கட்டினாளாம். சீரியஸ் என்றால் செத்துப்போனார் என்றுதானே எல்லோருக்கும் அர்த்தம், அவளுக்கு மட்டும் வேறா? பிறகு பவுடர் சேர்ந்தது, பூ சேர்ந்தது. நீலச் சேலையை அவர்களே கண்ணால் பார்த்திருந்தார்கள். எப்படி வந்தது என்ற கேள்விக்கு என் வாயிலிருந்து பதில் போயிருந்தது.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, துக்கம் கேட்டுவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரி சொன்னாள். மாமியாரும் மாமனாரும் முடிவு பண்ணிவிட்டார்களாம். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பந்தலிலேயே சொல்லிவிடப் போகிறார்களாம். பையன் தாத்தா வீட்டில் வளரட்டும், அவள் அவள் ஊரைப் பார்த்துப் போகட்டும், இப்படிப்பட்டவளிடம் எங்கள் பிள்ளையை விட முடியாது என்று. மதினி பையனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பார்த்ததை, பார்த்தபடி, பார்த்த வரிசையில்தான் சொன்னேன். அதில் ஒன்றை விட்டேன், அவ்வளவுதான். அதற்கு ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கப் போகிறார்கள்.

பதினாறாம் நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாப்பாடு முடிந்து, ஆண்கள் பந்தலில் உட்கார்ந்து, பெண்கள் நடையில் உட்கார்ந்து, மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார். என் பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற வரைக்கும் வந்துவிட்டார். நான் எழுந்து நின்றேன். அந்தக் காலத்தில் ஒரு குமரி, ஆண்கள் பேசுகிற பந்தலில் எழுந்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை. என் அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அன்னைக்கு ராஜபாளையத்துல இருந்து போன் வந்தப்ப நடுவுல இருந்து எடுத்துச் சொன்னவ நான்தான். வீட்ல சாவைச் சொல்லாதீக, சீரியஸ்னு மட்டும் சொல்லுங்கன்னு அவுக சொன்னதை நான்தான் கடைக்கார அண்ணாச்சிகிட்ட சொன்னேன். மதினிக்கு யாரும் சாவைச் சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு நெனச்சுத்தான் சேலை மாத்துனாக. பிளாஸ்க்ல பால் ஊத்திக் கொண்டு போனாக. புடிச்சுக்கிட்டு நின்னது நான். தெரிஞ்சவளுக்குக் கை நடுங்காதா? ஒரு சொட்டுச் சிந்தல."

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். போகவில்லை, பந்தலில் இருந்த யாரும் எங்கள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லவில்லை. கடைக்கார அண்ணாச்சியும் வந்திருந்தார். ஆமாம், அப்படித்தான் சொன்னேன் என்று தலையாட்டினார்.

மாமனார், பால் கொண்டு போனாளா என்று கேட்டார். பிளாஸ்க் என்ற பேச்சே அதுவரை அவர் காதுக்கு வரவில்லை. அன்றைக்குக் காரிலிருந்து இறக்கிய ஒயர் கூடை எங்கே என்று கேட்டார். யாரோ உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்கள். நெல் மூட்டைக்குப் பின்னால் யாரும் தொடாமல் கிடந்ததாம். வேட்டி, துண்டு, அதற்கு அடியில் பிளாஸ்க். அவரே மூடியைத் திருகித் திறந்தார். பதினாறு நாள் பால். நாற்றம் பந்தல் பூராவும் வந்தது. ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. அவர் மறுபடி மூடி, தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மாமியார்தான் முதலில் அழுதாள். என் மகனுக்குப் பால் கொண்டு வந்தியா என்று மதினியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பிள்ளை தாயிகூடவே இருக்கட்டும்" என்றார் மாமனார். அதோடு பேச்சு முடிந்தது.

மதினி அவ்வளவு நேரமும் குனிந்த தலை நிமிரவில்லை. நான் சொன்னதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துக்கம், கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் எழுத்து மாறியது. எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சேதி காதில் விழுந்ததும் முதலில் உடம்புக்கு ஏதாவது ஆகும், மூச்சோ வயிறோ. அடுத்து கை தானாக, பழகின வேலையைச் செய்யும். அதற்கப்புறம்தான் வாய். அது பெரும்பாலும் சம்பந்தமில்லாமல் பேசும். மனசுக்குப் புரிவது எல்லாவற்றுக்கும் கடைசியில், சில பேருக்கு ஐந்து மணி நேரம் கழித்து, ஒரு காப்பி டம்ளரில். புரிந்த பிறகுதான் அழுகை. யாருடைய கதையைப் படித்தாலும், அழுகை முன்னால் வந்து கை பின்னால் வந்தால் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். ரொம்பத் தெரிந்தவள் மாதிரி நடந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாலைந்து வருடம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த நாளைக் கதையாக எழுதினேன். என் கணக்குப்படியே எழுதினேன். சீரியஸ் என்பதன் பொருள் தெரியாத ஒருத்தி அடுப்பை அணைக்கிறாள், நீலச் சேலை கட்டுகிறாள், பால் ஊற்றுகிறாள். பத்திரிகையிலிருந்து கதை திரும்பி வந்தது, கூட ஒரு கடிதம். அவளுக்குத் தெரியாமல் இருந்தது என்பதை நம்பமுடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கணவனுக்கு ஆபத்து என்று கேட்டவள் அழாமல் கண்ணாடி பார்த்தால் வாசகிகள் சண்டைக்கு வருவார்கள், முதலில் அழட்டும், மாற்றி அனுப்புங்கள் என்றும் இருந்தது. எனக்கு அச்சில் பார்க்கிற ஆசை. மாற்றினேன். சீரியஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் அலறினாள், கையிலிருந்த பிளாஸ்க் நழுவி உடைந்தது. அடுத்த மாதமே கதை வந்துவிட்டது.

மதினி அதே வளவில்தான் இருந்தாள். ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு பிரிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பையன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏட்டி, பிளாஸ்க் உடைஞ்சிட்டே, பாலை யாரு தொடச்சா?"

கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பத்திரிகைக்காரர்கள் மாற்றச் சொன்னதையும், முதலில் எப்படி எழுதியிருந்தேன் என்பதையும் சொன்னேன். தெரியாதவளாகத்தான் எழுதியிருந்தேன், நிஜத்தில் நடந்தபடி, என்றேன். முறத்திலிருந்த அரிசியைக் கொஞ்சம் தன் பக்கம் தள்ளி அவளும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி வாயைத் தொறக்கிறதுக்கு முந்தியே தெரியும். நடையில செருப்பைக் கழத்திட்டு வந்தாரு. அந்த மனுசன் எதுக்கு வந்தாலும் செருப்போட நடையில நின்னு சத்தங்குடுத்துட்டுப் போறவரு. கழத்துனதுமே எனக்கு வயிறு ஒரு இழுப்பு இழுத்துட்டு. அதுக்கப்புறந்தான் சீரியஸுன்னாரு."

அப்படியானால் பால் எதற்கு என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், ஆனால் கேட்டுவிட்டேன். தெரிந்த மாதிரி நடந்தால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருந்தது என்றாள். ஊற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் குடிக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கிறார் அல்லவா என்றாள். சேலை? அது அவர் எடுத்துக் கொடுத்தது, இனிமேல் கட்ட முடியாது என்று தெரியும், கடைசியாக ஒரு தடவை அதைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது என்றாள்.

ஆக, கரிவலம்வந்தநல்லூரில் பேசிக்கொண்டதுதான் உண்மை. புருசன் செத்தது தெரிந்துதான் அவள் நீலச் சேலை கட்டினாள். வரிசை சரியாகத்தான் இருந்தது. அந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

"அன்னைக்குப் பந்தல்ல நீ சொன்னது தப்புத்தான். நான் வாயைத் தொறக்கல. பிள்ளை வேணும்லா எனக்கு" என்றாள்.

தெரிந்தவளுக்குக் கை நடுங்காதா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டவள் நான். மெதுவாக, "நீங்க பால் ஊத்துனதைப் பாத்து, தெரியலைன்னு நெனச்சுட்டேன் மதினி. ஒரு சொட்டுச் சிந்தலையே" என்றேன்.

அவள் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும். வளவுல அத்தனை பேரும் என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கேட்டாக. நீ ஒருத்திதான் கேக்கல. அதான் பிளாஸ்கை உங்கிட்ட நீட்டுனேன்."

அன்றைக்கு அந்தப் பிளாஸ்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்தே நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி ஊற்றினாள், ஒருத்தி பிடித்தாள். என் கையும் நடுங்கவில்லை.